துணுக்கு இதழ் தயாரிப்பது எப்படி? 16 பக்கத்தில் தகவலும் சிரிப்பும்: முழுமையான வழிகாட்டி

பொது அறிவுத் துணுக்குகளை நகைச்சுவையோடு தரும் சிறு இதழ் ஒன்றைப் பள்ளியிலோ, நூலக வாசகர் வட்டத்திலோ, குடியிருப்புச் சங்கத்திலோ கொண்டுவர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாகச் சேரும் குழுக்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. முதலில் இதழுக்குப் பெயர், அடுத்து அட்டைப்படம், அப்புறம் ஜோக்குகள். "தகவலா? அதெல்லாம் நெட்ல எடுத்துக்கலாம்" என்பது கடைசி. அச்சுக்குப் போகும் முந்தைய நாள் ராத்திரி, பாதித் துணுக்குகள் பொய் என்று தெரியவரும். எழுதி வைத்த ஜோக்கும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். தகவல், சரிபார்ப்பு, காரணம், எழுத்து, அதன் பிறகே சிரிப்பு.

1. தொடங்கும் முன் தேவையானவை

ஆட்கள் மூன்று பேர் போதும். ஒருவர் சேகரிப்பார், ஒருவர் சரிபார்ப்பார், ஒருவர் எழுதுவார். படம் வரையத் தெரிந்தவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். சேகரிப்பவரும் சரிபார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. தான் தேடிப் பிடித்த துணுக்கின் மேல் எல்லோருக்கும் பாசம் வந்துவிடும், அதைத் தூக்கிப் போட மனசு வராது.

அடுத்து ஒரு பதிவேடு. கூகுள் ஷீட் ஆனாலும் சரி, நீளமான நோட்டு ஆனாலும் சரி. ஆறு கட்டம் வேண்டும்: தகவல், எங்கே பார்த்தோம், மூல ஆதாரம் எது, காரணம் என்ன, நிலை (சரி / சந்தேகம் / பொய்), எந்த இதழில் போட்டோம். கடைசிக் கட்டத்தைத் தேவையில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நாலாவது இதழில் அதே ஆக்டோபஸ் துணுக்கு மறுபடி வந்து நிற்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

இதழ் யாருக்கு என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஆறாம் வகுப்பு மாணவருக்கு ஆச்சரியமாக இருப்பது ஓய்வுபெற்ற ஆசிரியருக்குப் பழைய செய்தி. குழுவில் ஒவ்வொருவரும் மனதில் வேறு வேறு வாசகரை வைத்துக்கொண்டு எழுதினால் இதழின் குரல் பக்கத்துக்குப் பக்கம் மாறும்.

2. தேவையைப் போல மூன்று மடங்கு சேகரியுங்கள்

16 பக்க இதழுக்குச் சுமார் 40 துணுக்குகள் தேவைப்படும். அப்படியானால் 120 சேகரியுங்கள். சரிபார்ப்பில் ஒரு பகுதி விழும், காரணம் கிடைக்காமல் ஒரு பகுதி விழும், எழுதிப் பார்த்தால் சுவையே இல்லாமல் ஒரு பகுதி விழும். 40 வேண்டும் என்று 40 மட்டும் சேகரித்தால், பக்கம் நிரம்ப வேண்டுமே என்று சந்தேகமானதையும் உள்ளே விடுவீர்கள்.

'வியப்பூட்டும் தகவல்கள்' என்று தேடினால் எல்லோரிடமும் உள்ள அதே நூறுதான் வரும். அருங்காட்சியகங்களின் விளக்கக் குறிப்புகள், அறிவியல் இதழ்களின் செய்திப் பகுதி, பழைய மாவட்டக் கையேடுகள், ரயில்வேயின் ஆவணங்கள் என்று போய்ப் பாருங்கள். நகைச்சுவைக்காரர்களுக்கு நல்ல சுரங்கம் இக் நோபல் பரிசுப் பட்டியல். 1991 முதல் ஆண்டுதோறும், முதலில் சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்கு இதைக் கொடுக்கிறார்கள். நம் பக்கத்து ஆட்களும் அதில் உண்டு. இந்திய யானையின் மொத்த உடற்பரப்பைக் கணக்கிடும் வழியை வகுத்ததற்காகக் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே.பி. ஸ்ரீகுமார், ஜி. நிர்மலன் இருவருக்கும் 2002-இல் கணிதப் பிரிவில் பரிசு கிடைத்தது.

வாட்ஸ்அப்பில் வருவதையும் பதிவேட்டில் ஏற்றுங்கள். அதன் நிலை 'பொய்' என்று முடிந்தாலும் வேறொரு பக்கத்துக்கு உதவும்.

3. சரிபார்ப்பு: இங்கேதான் அதிக நேரம் போக வேண்டும்

ஒவ்வொரு துணுக்கிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். யார் கண்டறிந்தது? எதில், எங்கே? எப்போது? மூன்றுக்கும் பதில் சொல்ல முடியாத துணுக்கை எழுத்தாளரிடம் தரவே கூடாது.

'எதில், எங்கே' என்ற கேள்வியில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். காகம் மனித முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் என்பது பிரபலமான துணுக்கு. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் குகை மனிதன் முகமூடி அணிந்துகொண்டு காகங்களைப் பிடித்து, அடையாள வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். பிறகு அதே முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் கூடிக் கத்தித் தீர்த்தன. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த இன்னொரு முகமூடி அன்றைய துணை அதிபர் டிக் செனியுடையது. அவரைக் காகங்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இவ்வளவும் சரி. ஆனால் இதை எழுதுபவர் 'நம் வீட்டு மொட்டை மாடிக்கு வரும் காகம்' என்று ஆரம்பித்துவிடுவார். ஆய்வு நடந்தது அமெரிக்கக் காகத்தில். நம் ஊர் வீட்டுக்காகம் வேறு இனம். 'அமெரிக்கக் காகம்' என்று ஒரு சொல் சேர்த்தால் துணுக்கு உண்மையாகிவிடும், சுவையும் குறையாது.

அடுத்தது, இரண்டு இடத்தில் பார்த்ததை இரண்டு ஆதாரம் என்று எண்ணுவது. ஒரு யூடியூப் வீடியோவும் ஒரு நாளிதழ்ப் பெட்டிச் செய்தியும் ஒரே விக்கிப்பீடியா வரியிலிருந்து வந்திருக்கலாம். மூல ஆய்வு, அரசு ஆவணம், துறை சார்ந்த நூல் ஆகியவற்றில் ஒன்றையாவது தொடும்வரை நிலைக் கட்டத்தில் 'சந்தேகம்' என்றே இருக்கட்டும்.

'உலகிலேயே', 'முதன்முதலில்', 'மிக' ஆகிய சொற்களைக் கண்டால் சிவப்புப் பேனாவை எடுங்கள். பட்டங்கள் கை மாறிக்கொண்டே இருக்கும். நீலகிரி மலை ரயில் பற்றி எழுத 'மிக மெதுவான' என்ற பட்டமே தேவையில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், ஏறுவதற்குக் கிட்டத்தட்ட 5 மணி நேரம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாசகர் தானே சிரித்துக்கொள்வார்.

காலாவதியாகும் எண்களுக்குத் தேதி போடுங்கள். சனிக் கோளின் நிலாக்கள் நல்ல உதாரணம். 2025 மார்ச்சில் ஒரேயடியாக 128 புதிய நிலாக்கள் அங்கீகரிக்கப்பட்டு எண்ணிக்கை 274 ஆனது. பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதியவர் பாவம், அன்று ஒரே நாளில் தப்பானவர் ஆகியிருப்பார்.

கருத்தையும் உண்மையையும் பிரித்து எழுதுங்கள். 'இட்லி இந்தோனேசியாவிலிருந்து வந்தது' என்று அடித்துச் சொல்கிறார்கள். உணவு வரலாற்றாசிரியர் கே.டி. அச்சயா, மாவைப் புளிக்க வைத்து ஆவியில் வேகவைக்கும் முறை அங்கிருந்து வந்திருக்கலாம் என்று ஊகித்தார், அவ்வளவுதான். 'வந்திருக்கலாம் என்று அச்சயா கருதினார்' என்று எழுதினால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். தஞ்சை மராட்டியர் அரண்மனையில் சம்பாஜிக்காகச் சமைத்ததால் சாம்பார் ஆயிற்று என்பதும் இதே வகை. கதையாகப் போடலாம், வரலாறாகப் போடக் கூடாது.

சில துணுக்குகளைச் சரிபார்க்க நூலகம்கூட வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்னமும் எழுதுகிறார்கள். மாலை நாலரை மணிக்குப் பிராகாரத்தில் போய் நின்றால் அந்த நிழலிலேயே உட்கார்ந்து இளைப்பாறலாம்.

பொய் என்று உறுதியானவற்றை எறியாதீர்கள். அவற்றுக்கென ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெரும்பாலும் வாசகர்கள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். திருநள்ளாறுக்கு மேலே செயற்கைக்கோள்கள் சில விநாடி நின்றுவிடுகின்றன, நாசாவே வியந்தது என்ற செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நாசா அப்படி எதுவும் சொல்லவில்லை. தாழ் சுற்றுப்பாதையில் செயற்கைக்கோள் விநாடிக்குச் சுமார் 7.5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் காப்பாற்றுகிறது. சில விநாடி நின்றால் பிறகு வியக்க நேரம் இருக்காது, குனிய வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: பொய்யைத் தலைப்பாகப் போடாதீர்கள். நிறைய பேர் தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார்கள். 'திருநள்ளாறில் நிற்கும் செயற்கைக்கோள்!' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டுக் கீழே சின்ன எழுத்தில் மறுத்தால், வதந்தியை நீங்களே இன்னும் நூறு வீட்டுக்குக் கொண்டு சேர்த்ததாகும். 'செயற்கைக்கோள் நிற்காது, நின்றால் விழும்' என்று தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

4. ஒவ்வொரு தகவலுக்கும் 'ஏன்' தேடுங்கள்

காரணம் இல்லாத துணுக்கு மறுநாள் மறந்துவிடும். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் ஏழு எலும்புகள், மனிதக் கழுத்திலும் ஏழு என்பது தகவல். எண்ணிக்கை கூடாமல் ஒவ்வொரு எலும்பும் நீண்டது, ஒன்றே 25 சென்டிமீட்டர் வரை இருக்கும் என்பது காரணம். காரணத்தைத் தேடிப் போகும்போது இன்னொன்றும் கிடைக்கும்: சுண்டெலி உட்பட கிட்டத்தட்ட எல்லாப் பாலூட்டிகளுக்கும் ஏழுதான். 'கிட்டத்தட்ட' முக்கியம், ஏனென்றால் மரத்தில் தொங்கி வாழும் மூவிரல் ஸ்லாத்தும் கடற்பசுவின் உறவான மனாட்டியும் இந்தக் கணக்கில் அடங்காது.

இந்தப் படியை நகைச்சுவைக்கு முன்னால் வைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நல்ல ஜோக் பெரும்பாலும் 'ஏன்' என்ற இடத்தில்தான் ஒளிந்திருக்கும். 'ஏழு எலும்பு' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எழுதச் சொன்னால் எழுத்தாளர் 'ஏழு கழுதை வயசாச்சு' என்று எங்கேயோ போவார். எலும்பின் எண்ணிக்கை ஒன்று, நீளம் வேறு என்பது தெரிந்தால் இப்படி வரும்: "எலிக்கும் ஏழு மனை, ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழு மனை. எலிக்கு சென்ட் கணக்கு, இவருக்கு ஏக்கர் கணக்கு." இதைக் கேட்ட பையன் ஜோக்கைச் சொல்லும்போது தகவலையும் காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறான்.

காரணம் கிடைக்கவே இல்லையென்றால்? துணுக்கை அடுத்த இதழுக்குத் தள்ளுங்கள். நீங்களாக ஒரு காரணம் கற்பிக்காதீர்கள்.

5. எழுதும் முறை

புதியவர் ஒருவர் எழுதிக் கொண்டுவரும் முதல் வடிவம் அநேகமாக இப்படி இருக்கும்:

"உங்களுக்குத் தெரியுமா? ஆஸ்திரேலியாவில் காணப்படும் வாம்பட் என்னும் விலங்கானது சதுர வடிவில் கழிவை வெளியேற்றும் தன்மை கொண்டதாகும்!"

'உங்களுக்குத் தெரியுமா' வேண்டாம். தெரியாது என்று நினைத்துத்தானே எழுதுகிறோம்? பக்கத்துக்கு எட்டு முறை அதே கேள்வி வந்தால் தேர்வு அறை போல ஆகிவிடும். 'காணப்படும்', 'விலங்கானது', 'தன்மை கொண்டதாகும்' மூன்றும் பாடப்புத்தக வாசனை. ஆச்சரியக்குறி, வாசகர் செய்ய வேண்டிய வேலையை நாமே செய்வது. இவற்றைவிடப் பெரிய தவறு 'சதுரம்'. சதுரம் தட்டையானது. இங்கே சொல்ல வேண்டியது கனசதுரம். சுருக்கி எழுதும்போது இப்படித்தான் உண்மை நசுங்கும்.

திருத்திய வடிவம்:

"வாம்பட் போடும் புழுக்கை கனசதுரம். ஒரு பக்கம் சுமார் 2 சென்டிமீட்டர். வெளியே வரும் வழி என்னவோ வட்டம்தான். குடலின் கடைசிப் பகுதி சில இடத்தில் விறைப்பாகவும் சில இடத்தில் இளக்கமாகவும் இருப்பதால், உள்ளேயே மூலை பிடித்துவிடுகிறது. இதைக் கண்டறிந்த குழுவுக்கு 2019-இல் இயற்பியல் பிரிவில் இக் நோபல் பரிசு. புள்ளி வைத்தால் பரமபதம் ஆடலாம். ஆடிவிட்டுக் கை கழுவவும்."

வரிசையைப் பாருங்கள். விசித்திரம் முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. அடுத்து வாசகர் மனதில் எழும் கேள்வி, அப்புறம் காரணம், அப்புறம் யார் கண்டறிந்தது, கடைசியில் சிரிப்பு. ஒரு துணுக்குக்கு 30 முதல் 50 சொல் போதும். அதைத் தாண்டினால் அது துணுக்கு இல்லை, கட்டுரை. கட்டுரைக்கு நடுப்பக்கத்தில் இடம் இருக்கிறது.

வேறு இடத்தில் படித்த வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். தகவல் யாருக்கும் சொந்தமில்லை, அதை ஒருவர் எழுதிய விதம் அவருக்குச் சொந்தம். ஆதாரத்தைப் படித்துவிட்டு மூடி வைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல்லிப் பாருங்கள். வாயில் வந்ததை எழுதுங்கள். இந்த ஒரு பழக்கத்திலேயே நடை பாதி சரியாகிவிடும்.

6. நகைச்சுவை சேர்ப்பது

தகவல் முடிந்து முற்றுப்புள்ளி விழுந்த பிறகே ஜோக் தொடங்க வேண்டும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பின்னினால் எது உண்மை, எது கேலி என்று வாசகருக்குத் தெரியாது. 'வாம்பட் தன் புழுக்கையை வைத்துப் பரமபதம் ஆடுகிறது' என்று எழுதினால், அடுத்த வாரமே யாராவது அதை உண்மையென்று நம்பி வகுப்பில் சொல்லுவார்.

எல்லாத் துணுக்குக்கும் ஜோக் வேண்டியதில்லை. சில தகவல்கள் தாமாகவே சிரிப்பு மூட்டும், அவற்றை முகத்தில் சலனமே இல்லாமல் எழுதுங்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் சித்தரஞ்சன் ஆண்ட்ரேட், பி.எஸ். ஸ்ரீஹரி ஆகியோர் பள்ளி மாணவர்கள் 200 பேரிடம் மூக்கு நோண்டும் பழக்கம் பற்றி ஆய்வு செய்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். 2001-இல் பொதுச் சுகாதாரத்துக்கான இக் நோபல் கிடைத்தது. இதை அரசு அறிக்கை நடையில் எழுதி நிறுத்திவிட வேண்டும். மேலே ஒரு வரி சேர்த்தாலும் கெட்டுவிடும்.

வடிவத்துக்கு வெளியே தேட வேண்டாம். தமிழ் வார இதழ்கள் பழக்கிவைத்த மன்னர் ஜோக், டாக்டர் ஜோக், வாத்தியார்–மாணவன் ஜோக் எல்லாம் தகவலைச் சுமக்கத் தோதான வண்டிகள். வாசகருக்கு ஆட்கள் யார், அவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று முன்பே தெரியும். அறிமுகத்துக்கு ஒரு சொல்கூடச் செலவில்லை.

ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். 1896 ஆகஸ்ட் 27 அன்று பிரிட்டனுக்கும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாருக்கும் நடந்த போர்தான் வரலாற்றில் மிகக் குறுகிய போராகச் சொல்லப்படுகிறது. பிரிட்டன் கொடுத்த கெடு காலை 9 மணிக்கு முடிந்தது. சில நிமிடங்களில் கப்பல்கள் அரண்மனை மீது சுடத் தொடங்கின. சுல்தான் காலித் பின் பர்காஷ் தப்பித்து ஜெர்மன் தூதரகத்தில் புகுந்துகொண்டார். போர் நீடித்தது 38 நிமிடம் என்பார்கள் சிலர், 45 என்பார்கள் சிலர். கணக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்து மாறும். ஆகவே துணுக்கில் 'முக்கால் மணி நேரத்துக்குள்' என்று எழுதினால் போதும்.

இப்போது மன்னர் ஜோக்:

"மன்னா, போர் தொடங்கிவிட்டது!"
"சரி, குளித்துவிட்டு வருகிறேன்."
"குளிக்கலாம் மன்னா, தலைக்கு மட்டும் ஊற்றிக்கொள்ளாதீர்கள். துவட்டுவதற்குள் முடிந்துவிடும்."

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில் சான்சிபார் தரப்பில் சுமார் 500 பேர் இறந்தோ காயமடைந்தோ போனார்கள். அந்த எண்ணும் இதே பெட்டியில் இருந்தால் ஜோக் வாயில் கசக்கும். அதற்காக அந்த எண்ணை மறைப்பதும் சரியில்லை. என் தீர்வு இதுதான்: ஜோக் மன்னரைக் கேலி செய்யட்டும், செத்தவர்களை இல்லை. எண்ணிக்கை அதே பக்கத்தில், ஜோக்குக்கு முன்னால், தகவல் பகுதியில் நேராக வரட்டும். படித்தபின் சிரிப்பு வருகிறதா இல்லையா என்பதை வாசகர் முடிவு செய்யட்டும். இதற்கு உடன்படாத ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்தத் துணுக்கையே விட்டுவிடுவார்கள், அதிலும் தப்பில்லை.

சாதி, நிறம், உடல் பருமன், ஊனம், மாமியார், மனைவி அடிக்கும் பூரிக்கட்டை எல்லாவற்றையும் வாசலிலேயே நிறுத்துங்கள். அவை தகவலோடு ஒட்டுவதே இல்லை என்பது தொழில் காரணம். இன்னொரு காரணத்தை நான் சொல்லத் தேவையில்லை.

7. வினாடி வினாவும் புதிரும்

கேள்விக்கு ஒரே பதில்தான் இருக்க வேண்டும். 'உலகின் நீளமான நதி எது?' என்று கேட்டால் நைலா அமேசானா என்று இரண்டு கட்சி கிளம்பும். பதிலில் சண்டை வரும் என்றால் கேள்வியை மாற்றுங்கள்.

நான்கு விடைகளில் ஒன்று கேலியாக இருக்கலாம், இரண்டு கூடாது. ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்: 1, 2, 3, 'காதலைப் பொறுத்தது'. இரண்டு விடை கேலியானால் மீதி இரண்டில் ஊகிப்பது குழந்தை விளையாட்டாகிவிடும். சரியான விடை எப்போதும் மற்றவற்றைவிட நீளமாக அமைந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். சரியாக இருக்க வேண்டுமே என்று கவனமாக எழுதுவதால் அது தானாகவே நீண்டுவிடும், கெட்டிக்காரப் பிள்ளைகள் அளவைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். விடைப் பக்கத்தில் '3' என்று மட்டும் போடாமல், இரண்டு செவுள்களுக்கு, ஒன்று உடலின் மற்றப் பகுதிக்கு என்ற காரணத்தையும் ஒரு வரியில் போடுங்கள்.

கையில் பென்சில் எடுக்க வைக்கும் புதிர் ஒன்றாவது வேண்டும். மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி.ஆர். கப்ரேகர் கண்டறிந்த 6174 என்றும் கைகொடுக்கும். நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள், நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, ஏறு வரிசையில் எழுதியதை அதிலிருந்து கழியுங்கள். விடையை வைத்து அதையே திரும்பச் செய்யுங்கள். அதிகபட்சம் ஏழு முறையில் 6174 வந்து நிற்கும். 1947-ஐப் போட்டுப் பார்ப்போம்:

9741 − 1479 = 8262
8622 − 2268 = 6354
6543 − 3456 = 3087
8730 − 0378 = 8352
8532 − 2358 = 6174

நான்காவது வரியில்தான் எல்லோரும் இடறுவார்கள். 0378-இல் உள்ள பூஜ்யத்தை மறந்துவிட்டு '3 இலக்கம் ஆயிடுச்சு சார்' என்று வந்து நிற்பார்கள். ஆகவே விளக்க உதாரணமாகப் பூஜ்யம் வரும் எண்ணையே வேண்டுமென்று தேர்ந்தெடுங்கள். புதிர் எதுவானாலும் அச்சிடும் முன் குழுவில் ஒருவர் பென்சிலால் முழுக்கப் போட்டுப் பார்த்தாக வேண்டும்.

8. லேஅவுட்டுக்கு முன் வெளியாள் வாசிப்பு

எழுதியதைச் சாதாரண ஏ4 தாளில் அச்செடுத்து, குழுவில் இல்லாத இரண்டு பேரிடம் கொடுங்கள். இலக்கு வாசகர் வயதில் ஒருவர், தப்பு கண்டுபிடிப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர் ஒருவர். இதை லேஅவுட்டுக்குப் பிறகு செய்தால், ஒரு துணுக்கை நீக்கினாலே பக்கம் முழுக்கக் குலைந்துவிடும். அந்தச் சோம்பலில் தப்பை விட்டுவைக்கத் தோன்றும்.

அவர்கள் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து விளக்காதீர்கள். எங்கே சிரித்தார்கள், எங்கே நெற்றியைச் சுருக்கினார்கள், எதை அடுத்தவரிடம் வாசித்துக் காட்டினார்கள் என்பதை மட்டும் குறியுங்கள். விளக்கம் கேட்ட ஜோக்கை எடுத்துவிடுங்கள். 'இது நிஜமா?' என்று கேட்ட துணுக்கில் ஆதாரத்தைக் கூட்டி எழுதுங்கள்.

9. பக்க வரிசையும் வடிவமைப்பும்

பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். ஏ4 தாளை மடித்தால் ஒரு தாளில் நான்கு பக்கம், 16 பக்கத்துக்கு நாலு தாள். 18 பக்கம் எழுதிவிட்டு வந்தால் இரண்டைக் குறைக்கணும், இல்லையென்றால் இன்னும் இரண்டை நிரப்பணும்.

கணினியைத் தொடும் முன் நாலு தாளை மடித்து ஒரு மாதிரிப் புத்தகம் செய்து, பென்சிலால் பக்க எண் போடுங்கள். எது வலப்பக்கம், எது இடப்பக்கம் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். கேள்வியை வலப்பக்கத்திலும் பதிலை அதைத் திருப்பினால் வரும் பக்கத்திலும் வைக்கலாம். எதிரெதிரே வந்துவிட்டால் புதிரின் கதை முடிந்தது. 8, 9 பக்கங்கள் ஒரே தாளில் விரியும் நடுப்பக்கம், பெரிய படமோ நீண்ட கட்டுரையோ அங்கே.

ஒரே வகைத் துணுக்குகளை ஒரே பக்கத்தில் கொட்டாதீர்கள். பத்து விலங்குத் துணுக்குகள் வரிசையாக வந்தால் ஆறாவதில் ஆச்சரியம் செத்துவிடும். விலங்கு, வரலாறு, கணக்கு, சாப்பாடு என்று கலந்து வையுங்கள்.

தமிழ் எழுத்தை 11 புள்ளிக்குக் கீழே இறக்க வேண்டாம். கொக்கிகளும் சுழிகளும் ஒட்டிக்கொண்டு ஜெராக்ஸில் மங்கிவிடும். யூனிகோடில் எழுதி, கடைக்குப் பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். பழைய மென்பொருள் வைத்திருக்கும் கடைகள் எழுத்துருவை மாற்றித் தட்டும்போது கொம்பும் காலும் இடம் மாறும். அப்படி மாற்றியே ஆக வேண்டும் என்றால், மாற்றிய பிறகு முதல் எழுத்திலிருந்து மறுபடி பிழை பார்க்க வேண்டும். மாற்றுவதற்கு முன் பார்த்தது கணக்கில் வராது.

படங்களைக் கூகுளில் கண்டதும் எடுத்துப் போடாதீர்கள். விக்கிமீடியா காமன்ஸில் உரிம விவரம் பார்த்து, கேட்டிருந்தால் பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்துங்கள். கோட்டோவியம் வரைய ஆள் இருந்தால் அதைவிட நல்லது, கறுப்பு வெள்ளை அச்சில் புகைப்படத்தைவிடத் தெளிவாக விழும்.

10. அச்சு

தாளின் எந்தப் பக்கத்தில் எந்த எண் வரும் என்பதில் குழப்பம் வரும். ஒரே தாள்முகத்தில் வரும் இரு பக்க எண்களைக் கூட்டினால் 17 வர வேண்டும் என்பது 16 பக்க இதழுக்கான விதி. 16-ம் 1-ம், 2-ம் 15-ம், 14-ம் 3-ம், இப்படியே நடுவில் 8-ம் 9-ம். அச்சிடும் பெட்டியில் 'புக்லெட்' வசதி இருந்தால் இதை அதுவே பார்த்துக்கொள்ளும். இருபக்க அச்சில் தாளைக் குறுகிய விளிம்பில் திருப்பச் சொல்லுங்கள். நீண்ட விளிம்பில் திருப்பினால் ஒரு பக்கம் நேராகவும் அடுத்தது தலைகீழாகவும் வரும்.

முதலில் ஒரே ஒரு பிரதி. மடித்து, பின் அடித்து, முழுக்கப் புரட்டிப் பாருங்கள். மடிப்பின் நடுவில் பின் அடிக்கச் சாதாரண ஸ்டேப்ளரின் கை எட்டாது, நீளக் கை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பல அச்சுக்கடைகளில் இருக்கும்.

விலை போட்டு, மாதாமாதம் பொதுவில் விற்கும் எண்ணம் இருந்தால், 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்யும் வழியை முதல் இதழுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். தலைப்பு உங்களுக்குக் கிடைக்குமா என்பதும் அங்கேதான் முடிவாகும். பெயரை முதலில் வைத்து அட்டையும் அச்சிட்டுவிட்டவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

11. வெளிவந்த பிறகு

பிழை சுட்டும் கடிதம் வரும். சரிபார்ப்பவர் மறுபடி மூல ஆதாரத்துக்குப் போய்ப் பார்க்கட்டும், வாசகர் சொன்னதும் தவறாக இருக்கலாம். பிழை நம்முடையது என்றால் அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். மூலையில் பொடி எழுத்தில் போடாமல், தவறு வந்த அதே பகுதியில், அதே எழுத்து அளவில் போட வேண்டும். என்ன தவறாக வந்தது, எது சரி, யார் சொன்னார் என்று மூன்று வரி போதும். சொன்னவரின் சம்மதத்தோடு பெயர் போட்டால், அடுத்த இதழைக் கையில் பேனாவோடு படிக்க நாலு பேர் கிடைப்பார்கள். அவர்களில் ஒருவரைச் சரிபார்ப்பு வேலைக்கு இழுத்துக்கொள்ளுங்கள்.

பதிவேட்டில் 'போட்ட இதழ்' கட்டத்தை அன்றே நிரப்பிவிடுங்கள். மிஞ்சிய 80 துணுக்குகளில் 'சந்தேகம்' என்று நிற்பவற்றிலிருந்து அடுத்த இதழின் வேலை ஆரம்பிக்கும்.